கையடக்கக் கருவியும் ஆய்வக முடிவும்

(நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறே விழாக் குழுவினர் என்னை முதலில் பணித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அதைப் பற்றியே பேசிப் பேசி என் குரல் தேய்ந்துவிட்டது. கேட்டுக் கேட்டு உங்கள் காதுகளும் தேய்ந்திருக்கும். நாளைக் காலை இதே கட்டிடத்தில் நம் சங்கம் மருத்துவ முகாம் நடத்துகின்றது. அதில் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கும், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் நம் பிள்ளைகள் இருபது பேர் முன்வந்திருக்கின்றார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடியதாக ஒன்றைச் சொல்கிறேன் என்று கேட்டு இத்தலைப்பை வாங்கிக்கொண்டேன்.

நான் மருத்துவன் அல்லன். பி.ஏ. வரலாறு படித்து, பி.எட். முடித்து, அரசுப் பள்ளியில் பணியாற்றுகின்றவன். மருத்துவர்களிடமும் ஆய்வகத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர்களிடமும் கேட்டறிந்தவற்றையும், நானே தேடிப் படித்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். நான் இதைத் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017ஆம் ஆண்டு வைகாசி மாதம். என் சின்னம்மா பீங்கான் பட்டறை ஒன்றில் மண் பிசையும் வேலை பார்த்து வந்தார். பட்டறையில் வேலை குறைந்த நாள்களில் பலாப்பழம் அறுக்கும் கூலிக்குப் போவார். பண்ணுருட்டிப் பக்கம் பலாப் பருவம் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் அவ்வேலை முடிந்து திரும்புகையில், வழியில் இலவச மருத்துவ முகாம் ஒன்று நடப்பதைக் கண்டு வரிசையில் நின்றார். நடத்தியவர்கள் யார் என்பது இங்கு வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரலைத் துடைத்தார்கள், குத்தினார்கள், கருவி 268 என்று காட்டியது. சீட்டில் ‘சர்க்கரை நோய்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அச்சீட்டைக் காட்டி மருந்துக் கடை ஒன்றில் மாத்திரை வாங்கினார். நோய் பெரிது என்று அஞ்சி, மாத்திரையை இரு வேளையும் விழுங்கிவிட்டுச் சோற்றை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள், சூளைக்குப் பக்கத்தில் உடல் வேர்த்து, நடுங்கி, நினைவிழந்து விழுந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வகத்தில் பார்த்தபோது சர்க்கரை 48. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் எதுவும் நேர்ந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து வெறும் வயிற்றில் பார்த்தபோது 91. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையிலும் நோய் இல்லை. இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்கிச் சாகக் கிடந்தார் அவர்.

268 எங்கிருந்து வந்தது? அவர் விரலிலிருந்து வந்தது, இரத்தத்திலிருந்து வரவில்லை. பலாச்சுளையின் சாறு காய்ந்து விரலில் ஒட்டியிருந்தது. குத்திய இடத்தில் வந்த ஒரு துளி இரத்தம் அச்சர்க்கரையையும் கரைத்துக்கொண்டு கருவிக்குள் போயிற்று. இது என் ஊகம் மட்டுமன்று. ஜப்பான் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் இதையே சோதித்து எழுதியிருக்கின்றார்கள். ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரித்த கையோடு விரலில் இரத்தம் எடுத்தால் கருவி மிகையான அளவைக் காட்டுகின்றது. ஆல்கஹால் பஞ்சால் பலமுறை துடைத்தாலும் அம்மிகை முற்றும் நீங்குவதில்லை. குழாய்த் தண்ணீரில் கைகழுவினால் நீங்கிவிடுகின்றது. பலாவும் முந்திரியும் கரும்பும் விளைகின்ற நாட்டில், அவற்றை அறுக்கின்ற கைகளுக்கு, ஒரு குவளைத் தண்ணீர் இல்லாமல் முகாம் நடத்தினோம். கருவியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஆனால் கருவிக்கென்று தனியே பிழையும் உண்டு. அதைத்தான் இளைஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும்.

குளுக்கோமீட்டர் எனப்படும் கருவிக்கு ஒரு சொட்டுக்கும் குறைவான இரத்தம் போதும். அதனுள் செருகும் பட்டையில் ஒரு நொதி தடவப்பட்டிருக்கும். அது சர்க்கரையோடு வினைபுரிந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்க, அதை அளந்து கருவி எண்ணாகக் காட்டுகின்றது. ஆய்வகத்தில் அப்படியன்று. சிரையிலிருந்து இரத்தத்தை எடுத்து, சுழற்றி, அணுக்களைப் பிரித்து, மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவை மட்டும் அளக்கின்றார்கள். அளக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு நாளும், அளவு முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை வைத்துச் சரிபார்க்கின்றார்கள். நல்ல ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நாட்டின் பல பகுதி ஆய்வகங்களுக்கும் அளவு சொல்லாமல் மாதிரிகளை அனுப்பி, அவர்கள் சொல்லும் விடையைத் திருத்தும் திட்டம் ஒன்றை நடத்துகின்றது. மாணவனுக்குத் தேர்வு வைப்பதுபோல் ஆய்வகத்திற்கும் தேர்வு. அரைஞாணில் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் செல்லும் நம் கருவிக்கு இத்தேர்வை வைப்பவர் யார்?

உலகத் தர நிறுவனம் 2013இல் வகுத்த விதி ஒன்றுண்டு. ஆய்வகம் 100க்குக் குறைவாகச் சொல்லும்போது, கருவி அதிலிருந்து 15 மி.கி. கூடவோ குறையவோ காட்டலாம். 100ம் அதற்கு மேலும் ஆனால் நூற்றுக்குப் பதினைந்து கூடவோ குறையவோ காட்டலாம். நூறு முறை பார்த்தால் தொண்ணூற்றைந்து முறையேனும் இவ்வெல்லைக்குள் இருந்தால் போதும். அதாவது, இது நல்ல கருவிக்குக் கொடுத்த இசைவு. எஞ்சிய ஐந்து முறை எல்லைக்கு வெளியே போனாலும் கருவி தேறிவிடும்.

இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு வெறும் வயிற்றில் உண்மை அளவு 115. நூற்றுக்குப் பதினைந்து கூட்டினால் 132, கழித்தால் 98. வெறும் வயிற்றில் 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்பர். 100 முதல் 125 வரை நோயின் வாயில் என்பர். அதற்குக் கீழே நலம். ஆக, ஒரே மனிதர் ஒரே காலையில், விதியை மீறாத மூன்று கருவிகளில் பார்த்தால், ஒன்றில் நோயாளி, ஒன்றில் வாயிற்படியில் நிற்பவர், ஒன்றில் நலமுள்ளவர். இக்காரணத்தால்தான் நோய் உண்டு என்று முடிவு கட்டுவதற்குச் சிரை இரத்தத்தின் ஆய்வக அளவையே மருத்துவ உலகம் கேட்கின்றது. வேறு அறிகுறி இல்லையெனில் அதையும் இரண்டாம் முறை உறுதிப்படுத்தச் சொல்கின்றது. முன்பே நோய் உள்ளவர் தம் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொள்ள இக்கருவி அருமையான துணை. அப்பணிக்கென்றே அது பிறந்தது.

இனி நம் தாய்மார்களைப் பற்றியது. இரத்தத்தில் சிவப்பணு குறைந்தவர்களுக்கு, அதாவது இரத்தசோகை உள்ளவர்களுக்கு, இக்கருவிகள் பலவும் சர்க்கரையை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் இயல்பின. புதிய கருவிகள் சிலவற்றில் இதற்குத் திருத்தம் உண்டு, மலிவானவற்றில் இல்லை. கூடுதலாகக் காட்டினால் என்ன தீங்கு என்பீர்கள். மாத்திரை உண்ணும் பெண்ணுக்குச் சர்க்கரை ஆபத்தாகக் குறைந்திருக்கும் வேளையில், கருவி ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடும். நான்காவது, ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகள் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை என்று சொல்லின. 2019-21ஆம் ஆண்டுகளின் கணக்கில் அது 53.4 விழுக்காடு.

அந்த எண்ணே ஒரு கையடக்கக் கருவி தந்ததுதான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கணக்கெடுப்புகளில் விரல் நுனி இரத்தத்தைச் சிறு கருவியில் வைத்து ஹீமோகுளோபின் பார்த்தார்கள். 2016-18இல் குழந்தைகளின் ஊட்டத்தை அறிய நடந்த இன்னொரு தேசியக் கணக்கெடுப்பில் சிரை இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். முன்னவற்றுள் நான்காவதன்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர்க்கு இரத்தசோகை, பின்னதன்படி 41. வயது வரம்பில் சிறு வேறுபாடு உண்டு என்றாலும், இவ்வளவு இடைவெளி அதனால் வந்ததன்று. விரல் நுனியை அழுத்திப் பிழியும்போது இரத்தத்தோடு திசுநீரும் கலந்து வருகின்றது. துளிக்குத் துளி அளவு மாறுகின்றது. இவ்விவாதம் முற்றி, அடுத்த குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து இரத்தசோகைச் சோதனையை நீக்கி, சிரை இரத்தத்தைக் கொண்டு தனியே ஆராயும் பொறுப்பை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் விட்டார்கள். ஆகவே நம் தெருவில் இரத்தசோகை இல்லை என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். நூற்றுக்கு நாற்பது என்பதும் வெட்கப்பட வேண்டிய எண்ணே. ஒரு கருவியை மாற்றினால் ஒரு நாட்டின் நோய்க்கணக்கே மாறுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

நான் வரலாற்று ஆசிரியன் ஆகையால் ஒரு பழைய செய்திக்குப் போகிறேன். இந்த மேடையில் அதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

1929 டிசம்பர் 12ஆம் நாள் ‘யங் இந்தியா’ இதழில், கத்தியவார் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பணிபுரிந்த தீண்டத்தகாத வகுப்பு ஆசிரியர் ஒருவரின் கடிதம் வெளியாயிற்று. அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அதை எடுத்துச் சேர்த்திருக்கின்றார். அந்நூலை 1990இல், அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகமே வெளியிட்டது. கடிதத்தின் செய்தி இது: ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றார், மூச்சுவிட இயலாமல் துன்புற்றார். அழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். ஆசிரியர் ஊர்ப் பெரியவர்களிடம் கெஞ்சி, அவர்களில் ஒருவர் கட்டணம் இரண்டு ரூபாய்க்கும் பொறுப்பேற்ற பின், சேரிக்கு வெளியே நோயாளியைக் கொண்டுவந்தால் பார்ப்பதாக இசைந்தார். பச்சிளங் குழந்தையோடு அப்பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் தம் வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவிக்கு வைத்துப் பார்த்து, வந்த வழியே திருப்பிக் கொடுத்தார். இரவு எட்டு மணியளவில் விளக்கொளியில் வெப்பமானியைப் பார்த்த மருத்துவர், நிமோனியா என்று சொல்லிச் சென்றுவிட்டார். அதன்பின் வரவே இல்லை. அப்பெண் இறந்துபோனார்.

அந்த வெப்பமானியில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அது காட்டிய எண் சரியாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் நிமோனியாவை அறிய மார்பில் காது வைத்துக் கேட்க வேண்டும். நாடியைத் தொட வேண்டும். நம் அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். நாடி பார்க்கத் தெரிந்த கை அவருடையது. தொடாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் மருத்துவம் நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொன்னேன். கையடக்கக் கருவி நம் வாசல்வரை வருவது பெரும் நன்மை. அந்தக் கருவியே நம்மைத் தொடாமலிருப்பதற்கும், ஆய்வகத்திற்கு அனுப்பாமலிருப்பதற்கும் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில் நம் தெருவிற்கே ஒன்றுதான் இருந்தது. அதை வீடு வீடாகக் கொண்டு சென்றோம். ‘தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் தேறிக்கொள்வார்’ என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டோம். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் அவோயாகி கண்ட தத்துவம் அது. சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலின் ஊடே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக்கொண்டு இரத்தத்திலுள்ள ஆக்சிசனைக் கணிப்பது. ஆனால் ஒளியை இரத்தம் மட்டுமா உறிஞ்சுகிறது? தோலின் கருநிறமியும் உறிஞ்சுகின்றது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி இரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்கும் கீழே இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்கு 3.6, கறுப்பினத்தவரில் 11.7. ஏறக்குறைய மூன்று மடங்கு. இக்கருவிகளை அளவுப்படுத்தியபோது சோதனைக்கு நின்றவர்களில் வெளிர்நிறத்தவரே மிகுதி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021இல் எச்சரிக்கை விடுத்தது. பலவகை நிறத்தோரையும் கூடுதல் எண்ணிக்கையில் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்னும் வரைவு நெறியை 2025 சனவரியில் வெளியிட்டது.

நிறத்தைக்கொண்டு சாதி சொல்ல முடியாது. நம்மில் சிவந்தவரும் உண்டு, பிறரில் கறுத்தவரும் உண்டு. ஆனால் களத்திலும் சூளையிலும் வெயிலில் நிற்கிற உடம்பு கறுக்கத்தான் செய்யும். மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொல்லும்போது, கருவி 95 காட்டினாலும் அவர் சொல்வதையே நம்புங்கள். மருதாணியும் நகப்பூச்சும்கூட ஒளியைத் தடுக்கும் என்பது பெண்கள் அறிய வேண்டியது.

கொரோனா என்றவுடன், சீனத்திலிருந்து வந்த விரைவுச் சோதனைப் பெட்டிகளும் நினைவுக்கு வருகின்றன. 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டிற்கு முதலில் 24,000 வந்தன. நோய் உறுதியானவர்களிடமே அவற்றைச் சோதித்துப் பார்த்த இராசத்தான் அரசு, நூற்றுக்கு 5.4 மட்டுமே சரியாக இருப்பதாகச் சொல்லிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 21இல் இரண்டு நாள் நிறுத்தச் சொல்லி, 27இல் அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னது. அதன்பின் தமிழ்நாடு பெரும்பாலும் ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் ஆய்வகச் சோதனையையே பற்றிக்கொண்டது. முடிவு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆயிற்று என்று நாம் முணுமுணுத்தோம். முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

சிறியது என்பதாலேயே கருவி பொய் சொல்லும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இதற்கு எதிரான சான்று நம் ஊருக்கு மிக நெருக்கமானது. பீங்கான் பட்டறையில் வேலை செய்வோர் நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்து சிலிகோசிஸ் வரும். சிலிகோசிஸ் வந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும். வெறும் இருமல் என்று இருந்துவிட்டவர்களை நம் தெருக்களில் நான் பார்த்திருக்கிறேன். சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய ஆய்வக முறையில், ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்குத் தென்படும். கோவாவில் செய்யப்படும் ட்ரூநாட் என்னும் கருவி மின்கலத்தால் இயங்குவது. ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையில் வைக்கலாம். அது கிருமியின் மரபுப்பொருளையே பெருக்கிப் பார்ப்பதால், அதனினும் மிகக் குறைந்த எண்ணிக்கையையும் கண்டுபிடித்துவிடுகின்றது. உலக நல நிறுவனம் 2020இல் அதை ஏற்றுக்கொண்டது. இங்கே சிறு பெட்டி, பழைய ஆய்வகத்தை வென்றுவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘பெரியதா, சிறியதா’ என்பதன்று. எதை அளக்கிறது, எவ்வளவு பிழையோடு அளக்கிறது, எந்த முடிவுக்காக அளக்கிறோம் என்பதே.

ஆய்வகமும் தெய்வமன்று. சிரையில் எடுத்த இரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வைத்திருந்தால், உள்ளிருக்கும் அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை குறையும். காலை எட்டு மணிக்குக் கிராமத்தில் எடுத்து, பேருந்தில் கொண்டுவந்து, பகலில் சோதித்தால், ஆய்வகத்து முடிவைவிட விரல் நுனிக் கருவி சரியாக இருக்கவும் கூடும். மூன்று மாதச் சராசரிச் சோதனையும் இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

நம் ஊர் சூளைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல என்றே எண்ணுகிறேன். சூளைக்குள் வெப்பம் எவ்வளவு என்பதைக் காட்ட மின்வெப்பமானி உண்டு. ஆயினும் பழகிய கைகள் பாண்டங்களுக்கு நடுவே சிறு கூம்புகளையும் நிறுத்தி வைப்பார்கள். செர்மானியர் செகர் 1886இல் உருவாக்கிய முறை அது. வெப்பமானி ஓர் இடத்தின் வெப்பத்தைச் சொல்லும். மண் வெந்ததா என்பதை, மண்ணைப் போன்ற பொருளால் ஆன கூம்பு தலைசாய்ந்து சொல்லும். இரண்டையும் பார்த்து, கண்துளை வழியே நிறத்தையும் பார்த்துத்தான் நெருப்பை நிறுத்துவார்கள். ஒரு சூளை பொம்மைக்கு இத்தனை பேரைக் கேட்கிற நாம், ஒரு மனிதருக்கு ஓர் எண்ணோடு நிறுத்திவிடுகிறோம்.

அழுத்தம் பார்க்கும் கருவிக்கு மட்டும் சுருக்கமாகச் சில சொல்கிறேன். கையில் கட்டும் பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறு பட்டை கட்டினால் அளவு ஏறிக் காட்டும். வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பேசவிடாமல், கையை நெஞ்சளவில் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைக் காட்டிலும் மேற்கையில் கட்டுவது நம்பத்தக்கது. வாங்கும்போது, அது முறையான ஒப்பீட்டுச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டன. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

இனி நாளைய முகாம். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டபோது, பெண் தன்னார்வலர்கள் இக்கருவிகளைச் சுமந்துகொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார்கள். நம் பெண்கள் சிலரும் அப்பணியில் சேர்ந்தார்கள். 1929இல் வெப்பமானி மூன்று கை மாறி வந்ததை எண்ணிப் பார்க்கையில், நம் வீட்டுப் பெண்ணே கருவியோடு எல்லாத் தெருக்களிலும் நுழைவதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை. அதே வேளை, கருவிதான் வாசலுக்கு வருகிறது, ஆய்வகம் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் சோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வெறும் வயிற்றில் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து, முடிவு வாங்க மறுபடி வருவதற்குள், கூலிக்காரருக்கு ஒன்றரை நாள் கூலி போய்விடுகின்றது. முகாமில் ‘பெரிய ஆஸ்பத்திரியில் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டுகளில் பல, முறத்தின் அடியிலும் சாமி படத்தின் பின்னாலும் கிடப்பதற்கு இதுவே காரணம். அறியாமை என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

ஆகவே செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள். முகாமில் அளவு மிகுந்தோ குறைந்தோ காட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. அவரை அழைத்துச் சென்று ஆய்வக முடிவு வாங்கி வரும்வரை அப்பிள்ளையின் வேலை முடியவில்லை. போகவரப் பேருந்துச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். நம் பதிவேட்டில் கருவியின் அளவுக்கு ஒரு பத்தி, ஆய்வக அளவுக்கு ஒரு பத்தி. இரண்டாம் பத்தி நிரம்பாமல் யாருடைய பெயருக்கு எதிரேயும் நோயின் பெயரை எழுத வேண்டாம், மாத்திரையின் பெயரையும் எழுத வேண்டாம். பட்டைகள் இருக்கும் புட்டியின் மூடியை எடுத்தவுடன் மூடுங்கள். ஈரம் பட்டால் பட்டை கெடும். காலாவதி நாளைப் பாருங்கள். ஒவ்வொரு புதிய புட்டிக்கும் ஒருவருடைய விரல் இரத்தத்தையும் சிரை இரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிட்டு, வேறுபாடு நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டினால் அப்புட்டியை ஒதுக்கி வையுங்கள். ஒப்பிட யாராவது வேண்டுமென்றால், என் விரலும் என் சிரையும் இருக்கின்றன.

என் சின்னம்மா அந்த வைகாசிக்குப் பிறகு யாரையும் தம் விரலைக் குத்தவிட்டதில்லை. அவருக்கு இப்போது வயது எழுபதைத் தொடுகிறது. காலில் புண் ஆற நாளாகிறது. இம்முறை உண்மையாகவே பார்த்தாக வேண்டும். நான் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. நேற்று மாலை, நாளைக்கு வருவதாக ஒருவாறு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்று கேட்டார்: “ஏந்தம்பி, அங்க மொதல்ல கை கழுவத் தண்ணி வச்சிருப்பீங்களா?”

வாசலில் இரண்டு குடமும் சோப்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக அவரை அழைத்து வருவேன். விரலிலும் சிரையிலும் எடுக்க இருவர் ஆயத்தமாக இருங்கள்.